பல்லாவரத்தில் இடைவேளை

திங்கட்கிழமை காலை எட்டு பன்னிரண்டுக்குக் கிளம்பும் பீச் மின்சார ரயிலில், பெண்கள் பெட்டியின் நடுவே ஜன்னலோரமாக ஒரு இடம் எப்போதும் அபிதகுஜாம்பாளுக்கு. வண்டி தாம்பரத்திலிருந்தே கிளம்புவதால் முதலில் ஏறுகிற யாராவது ஒரு கைக்குட்டையையோ டிபன் பையையோ அங்கே போட்டு வைத்துவிடுவார்கள். மற்ற நாட்களில் அவளும் எல்லோரையும் போலக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். திங்கட்கிழமைக்கு மட்டும்தான் அந்த மரியாதை. ஞாயிற்றுக்கிழமை மேட்னியில் பார்த்த படத்தின் கதையை அவள் திங்கட்கிழமை சொல்வாள்.

அவளுக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. கிண்டியில் ஒரு அரசுத் துறை அலுவலகத்தில் கண்காணிப்பாளர். சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி வீடு. ஊர் திருவண்ணாமலை. அந்தக் கோயில் அம்மன் பேரைத்தான் வைத்திருந்தார்கள். ரயிலில் எல்லோருக்கும் அவள் அபிதா மேடம்.

கதை சொல்வதற்கு அவள் ஒரு கணக்கு வைத்திருந்தாள். கிண்டியில் இறங்கியாக வேண்டும். ஆகவே சானடோரியம் வருவதற்குள் யார் கதாநாயகன், என்ன வேலை பார்க்கிறான் என்பதெல்லாம் முடிந்துவிடும். பல்லாவரத்தில் இடைவேளை. அங்கே ஏறுகிற கூட்டம் ஏறி அமருகிற வரை வாயைத் திறக்க மாட்டாள். பரங்கிமலையில் கிளைமாக்ஸ். பரங்கிமலைக்கும் கிண்டிக்கும் நடுவே இருக்கிற இரண்டு மூன்று நிமிஷத்தில் தீர்ப்பு: எது நன்றாக இருந்தது, எது சரியில்லை, வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போகலாமா வேண்டாமா.

"நீங்க சொல்றதைக் கேட்டுட்டுப் படத்துக்குப் போனா ஏமாத்தமா இருக்கு மேடம். நீங்க சொன்னதுதான் நல்லா இருந்தது" என்பாள் ஜெயஸ்ரீ. ஒரு வங்கியின் நுங்கம்பாக்கம் கிளையில் அதிகாரியாக இருந்தவள். சேலையூரில் அபிதாவுக்கு அடுத்த தெரு. யாரையும் லேசில் பாராட்டாதவள் என்பதால் அவள் வார்த்தைக்கு அந்தப் பெட்டியில் மதிப்பு உண்டு.

2006ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதத்தில் 'பச்சை மை' என்று ஒரு படம் வந்தது. அரசியல் சதியைப் பற்றிய படம். ஹேமநாத் என்கிற இளம் இயக்குநரின் இரண்டாவது படம். தலைப்பைப் பார்த்தபோதே அபிதாவுக்குப் பிடித்துவிட்டது. பச்சை மையில் கையெழுத்துப் போடுகிற அதிகாரிகளுக்கு நடுவே இருபத்தேழு வருஷம் உட்கார்ந்தவள். ஞாயிற்றுக்கிழமை கணவர் தாமோதரனை இழுத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். அவர் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியர். மனைவி கூப்பிட்டால் எந்தப் படத்துக்கும் வருவார், எதைப் பற்றியும் கருத்துச் சொல்ல மாட்டார்.

திங்கட்கிழமை வண்டி கிளம்பியதும் அபிதா ஆரம்பித்தாள்.

"கடலோரமா ஒரு பெரிய நிலம். அதை ஒரு கம்பெனிக்குக் கொடுக்கணும்னு மந்திரிக்கு ஆசை. கொடுக்கக்கூடாதுன்னு பழைய அதிகாரி ஒருத்தர் ஃபைல்ல எழுதி வெச்சுட்டுச் செத்துப்போயிட்டார். அந்த ஒரு பக்கத்தை மாத்திட்டா போதும். மாத்தறாங்க. அதை ஒரு சின்ன அதிகாரி கண்டுபிடிக்கிறான். அவன்தான் ஹீரோ."

வில்லன் மந்திரி இல்லை, மந்திரியின் பி.ஏ. என்றாள். அந்த ஆள் படம் முழுக்க ஒரு தடவைகூடக் குரலை உயர்த்துவதில்லை, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொள்கிறான், அதிலேயே பார்க்கிறவர்களுக்குப் பயம் வந்துவிடுகிறது. அலுவலகக் காட்சிகளில் பின்னணி இசையே கிடையாது, பழைய மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும்தான். "நம்ம ஆபீஸ்ல கேக்கிற அதே சத்தம்" என்றாள். குரோம்பேட்டை தாண்டியது. டி.வி. நிருபராக வருகிற கதாநாயகிதான் முதல் பாதியில் எல்லாத் துப்பையும் கண்டுபிடிக்கிறாள். இடைவேளைக்குப் பிறகு ஹீரோவுக்குக் காபி போட்டுக் கொடுப்பதைத் தவிர அவளுக்கு வேலை இல்லை. இதைக் கேட்டதும் பெட்டியில் நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் 'ச்சு' கொட்டினார்கள்.

பல்லாவரத்தில் கூட்டம் ஏறியது. அபிதா காத்திருந்து தொடர்ந்தாள்.

"இப்ப ஒண்ணு சொல்றேன். படத்திலே மொத்தமா ஒண்ணரை நிமிஷம்தான் வரும். அந்தப் பக்கத்தை மாத்தறது யாருன்னா, ரிட்டயர் ஆக ஆறு மாசம் இருக்கிற ஒரு கிளார்க். வயசான நாடக நடிகர் யாரோ, பேர் தெரியலை. பி.ஏ. கூப்பிட்டு மெதுவாச் சொல்றான். இவர் தலையாட்டிட்டு வந்து, பக்கத்தை எடுத்துட்டுப் புதுசை வெக்கிறார். மத்தியானம் ஆயிடுது. எல்லாரும் சாப்பிடப் போறாங்க. இவரும் டிபன் டப்பாவைத் திறக்கிறார். உள்ளே புளிசாதம், ஒரு அப்பளம். கொஞ்ச நேரம் அதையே பாக்கிறார். அப்புறம் மூடியைப் போட்டு, கிளிப்பை மாட்டி, பையிலே வெச்சுக்கிறார். அவ்வளவுதான். பேச்சு ஒண்ணும் கிடையாது."

திரிசூலம் போனது. யாரும் பேசவில்லை. ஜெயஸ்ரீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வழக்கமாகக் கீரை ஆய்ந்துகொண்டே கேட்கிற ஒரு அம்மாவின் கை அப்படியே நின்றிருந்தது.

பிறகு அபிதா படத்தின் ஓட்டைகளுக்கு வந்தாள், பெட்டி சிரிக்க ஆரம்பித்தது. ஹீரோ அந்தத் தாளை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்து, "இது போன வாரம் எழுதினது" என்று சொல்கிறானாம். "மையை மோந்து தேதி சொல்ற அதிகாரி இருந்தா எங்க ஆபீஸுக்கு அனுப்புங்க, எனக்குப் பாதி வேலை மிச்சம்" என்றாள். சதியைக் கண்டுபிடித்த அடுத்த காட்சியில் ஹீரோவும் ஹீரோயினும் வெளிநாட்டில் பனிமலையில் ஆடுகிறார்கள். கடைசியில், அதுவரை இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத பி.ஏ., ஹீரோவைக் கட்டிப்போட்டுவிட்டு, தான் செய்த தப்பையெல்லாம் ஒன்று விடாமல் வரிசையாகச் சொல்கிறான். "அஞ்சு நிமிஷம் பேசறான். மினிட்ஸ் எழுதக்கூட ஆள் இல்லை."

பரங்கிமலை தாண்டியதும் தீர்ப்பு வந்தது. "சுமார்தான். ஆனா அந்த டப்பாவுக்காக ஒரு தடவை பாக்கலாம்."

கிண்டியில் இறங்கிப் படியேறும்போது பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். இருபத்தைந்து வயசு இருக்கும், ஜீன்ஸும் கதர் ஜிப்பாவும் போட்ட பெண். தோளில் ஒரு பெரிய பை.

"மேடம், ஒரு நிமிஷம். என் பேர் ஷர்மிளா. பெருங்களத்தூர்ல இருக்கேன். நான் கோடம்பாக்கத்துல இறங்கணும், உங்களுக்காகத்தான் இங்க இறங்கிட்டேன்."

"எனக்காகவா?"

"நான் 'பச்சை மை' படத்துல அசிஸ்டென்ட் டைரக்டர். அந்த ஃபைலைத் தயார் பண்ணது நான்தான்."

அபிதாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஒரு பெட்டி ஜனத்தை அந்தப் பெண்ணின் உழைப்பை வைத்துச் சிரிக்க வைத்தாயிற்று. "நீ இருக்கேன்னு தெரியாதும்மா. மனசுல வெச்சுக்காதே" என்றாள்.

"ஐயோ, அதுக்கில்ல மேடம்." ஷர்மிளாவுக்கு மூச்சு வாங்கியது. "படம் நீளம்னு விநியோகஸ்தருங்க சொல்றாங்க. பன்னண்டு நிமிஷம் வெட்டணும். வெள்ளிக்கிழமையிலிருந்து வெட்டினதைத்தான் ஓட்டணும். எதை எதை வெட்டறதுன்னு லிஸ்ட் போட்டாச்சு. முதல்ல இருக்கிறதே டப்பா சீன்தான். அதுல ஒண்ணும் நடக்கலைன்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க சொல்லும்போது அந்தப் பெட்டியில யாருமே பேசலை. நான் எண்ணிப் பார்த்தேன், முப்பத்திரண்டு பேர். நீங்க எங்க டைரக்டர்கிட்ட இதைச் சொல்லணும்."

அபிதா தயங்கினாள். அரசு ஊழியர் சினிமாக்காரர்களுக்கு யோசனை சொல்லலாமா என்று நடத்தை விதிகளில் எங்கே பார்ப்பது என்று மனசுக்குள் தேடினாள். "நான் ஒரு டிக்கெட் வாங்கிப் பார்த்த ஆள். பார்த்தவங்க பேசறதுக்கு விதி குறுக்கே வராதுன்னு நினைக்கிறேன்" என்று கடைசியில் தனக்கே சொல்லிக்கொண்டு, வீட்டு விலாசத்தைக் கொடுத்தாள்.

மறுநாள் சாயங்காலம் ஆறரை மணிக்கு ஹேமநாத் சேலையூர் வீட்டு வாசலில் வந்து நின்றான். முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயசு. நான்கு நாள் தாடி. கூடவே ஷர்மிளா. அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, வரப் பிடிக்காமல் வந்திருக்கிறான். கொடுத்த காபியைத் தொடவில்லை.

"மேடம், படம் பிடிக்கலைன்னு சொன்னீங்களாம்."

"சுமார்னு சொன்னேன். அது வேற, பிடிக்கலைங்கிறது வேற."

அவனுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது, அடக்கிக்கொண்டான். எதிர் நாற்காலியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த தாமோதரனைப் பார்த்து, "சார், நீங்களும் பார்த்தீங்களா?" என்றான்.

"பார்த்தேன். பாதியிலே தூங்கிட்டேன்" என்றார் தாமோதரன்.

அபிதா அவரை முறைத்தாள். ஆனால் ஹேமநாத் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான். "எந்த இடத்துல சார் தூங்கினீங்க?"

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "பனிமலை வந்தது. ரெண்டு பேரும் ஓடினாங்க. அங்கேதான் கண்ணை மூடினேன். முழிச்சப்போ ஒருத்தன் பேசிக்கிட்டிருந்தான். அவன் நிறுத்தறதாத் தெரியலை, அதனால மறுபடியும் தூங்கினேன்."

"டப்பா சீன்ல முழிச்சிருந்தீங்களா?"

"அது முதல்லேயே வந்துடுச்சே. அதுல எப்படித் தூங்கறது? அந்த மனுஷன் சாப்பிடுவாரா மாட்டாரான்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்."

ஷர்மிளா குனிந்து நோட்டில் எழுதினாள். ஹேமநாத் காபியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தான்.

அதன் பிறகு பேச்சு வேறு மாதிரி ஆகிவிட்டது. அபிதா உள்ளே போய் ஒரு பழைய அட்டையும் நாலைந்து வெள்ளைத் தாளும் எடுத்துவந்தாள். அலுவலக ஃபைலை நாடா போட்டு எப்படிக் கட்டுவார்கள் என்று தரையில் உட்கார்ந்து செய்து காட்டினாள். ஓரத்தில் துளை போட்டு, நாடாவைக் கோர்த்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் சிவப்பு மையில் எண் எழுதினாள்.

"இதைப் பாருங்க. ஒரு ஃபைல் அஞ்சு வருஷம் பத்து மேஜைக்குப் போயிட்டு வந்தா, இந்தத் துளை இப்படியா இருக்கும்? கிழிஞ்சு பெரிசா ஆயிடும். சில பக்கத்துல துளை பிஞ்சு, ரெண்டாந்தரம் குத்தியிருப்பாங்க. நடுவுல ஒரே ஒரு தாள்ல மட்டும் துளை புத்தம்புதுசா, சின்னதா இருந்தா என்ன அர்த்தம்?"

ஹேமநாத் அந்தத் தாளை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். துளை வழியாக வெளிச்சம் வந்தது.

"எட்டு மாசம் உக்காந்து எழுதினேன் மேடம். கடைசிவரைக்கும் வேற எதுவும் தோணாமத்தான் மோந்து பாக்க வெச்சேன். இதை யாராவது ஒருத்தர் சொல்லியிருந்தா."

"யாரையாவது ஒருத்தரைக் கேட்டிருக்கணும்" என்றாள் அபிதா. கடுமையாகச் சொல்லவில்லை. "கிளார்க் வேலை பார்க்கிறவங்க இந்த ஊர்ல எத்தனையோ பேர் இருக்காங்க. சும்மா கேட்டாலே சொல்லுவோம். யாரும் கேக்கறதில்லை."

தாமோதரன் விடைத்தாளை மூடி வைத்துவிட்டுத் தாளையும் துளையையும் வந்து பார்த்தார். இத்தனை வருஷமாக மனைவி என்ன வேலை செய்கிறாள் என்பதை இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறவர் போல இருந்தது.

"ஃபைல் எல்லாம் தப்பு, ஆனா டப்பா மட்டும் சரின்னு சொல்றீங்க" என்றான் ஹேமநாத். "அந்த ஆள் டப்பாவை மூடுவார்னு நான் சும்மா எழுதினேன். அது சரின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அபிதா தாள்களை ஒழுங்கு பண்ணிக்கொண்டே சொன்னாள். "நான் மூடியிருக்கேன்."

தாமோதரன் நிமிர்ந்தார்.

1979இல், வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். வட ஆற்காடு பக்கத்தில் ஒரு சின்ன ஊர், ஒரு சின்ன அலுவலகம். இருபத்திரண்டு வயசுப் பெண். ஒரு விதவைக்குப் பட்டா கொடுக்கலாம் என்று எழுதியிருந்த ஃபைல். மேலே இருந்த ஒருவர் கூப்பிட்டு, ஒரு தாளை நீட்டி, "ரெண்டாம் பக்கத்தை எடுத்துட்டு இதை வெச்சுடும்மா" என்றார். மிரட்டவில்லை. தண்ணீர் கொண்டுவரச் சொல்வது போலச் சொன்னார்.

"மாட்டேன்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்லை" என்றாள் அபிதா. "'பக்க எண் போட்டாச்சு சார்'னு மட்டும் சொன்னேன். அது ஒரு பதில்கூட இல்லை. ஆனா அவர் அந்தத் தாளைத் திரும்ப வாங்கி வெச்சுக்கிட்டார். நான் வந்து டப்பாவைத் திறந்தேன். தயிர்சாதம், மாவடு. பார்த்துக்கிட்டே இருந்தேன். மூடி வெச்சு வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். உங்க படத்துல அவர் செஞ்சுட்டார், நான் செய்யலை. ஆனா ரெண்டு பேருக்கும் சாப்பாடு இறங்கலை பாருங்க. அதான் அந்தச் சீன் சரின்னு சொன்னேன்."

"அந்தம்மாவுக்குப் பட்டா கிடைச்சுதா?" என்று ஷர்மிளா கேட்டாள்.

"கிடைச்சுது. கையெழுத்துப் போடத் தெரியாது, கைநாட்டு வெச்சு வாங்கிட்டுப் போனாங்க. எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்தாங்க. வாங்கக்கூடாதுன்னு சொல்லத் தெரியாம வாங்கிட்டேன்." சொல்லிவிட்டு அபிதா சிரித்துவிட்டாள். ஹேமநாத்தும் சிரித்தான். தாமோதரன் மட்டும் சிரிக்கவில்லை.

"இதை நீ என்கிட்ட சொன்னதே இல்லையே" என்றார்.

"நீங்க கேக்கலையே" என்றாள். பிறகு, "சொல்ற மாதிரி பெரிசா ஒண்ணும் இல்லைன்னு நினைச்சேன்" என்றாள்.

அவர் எழுந்து சமையலறைக்குப் போய், தானே இன்னொரு சுற்றுக் காபி போட்டுக் கொண்டுவந்தார். சர்க்கரை அதிகம். எல்லோரும் குடித்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் அலுவலகத்துக்கு ஃபோன் வந்தது. ஹேமநாத்தான். தயாரிப்பாளரோடு இரண்டு நாள் மல்லுக்கட்டினானாம். பனிமலைக்குப் போய் எடுத்த பாட்டைத் தூக்குவதா என்று அவர் ஆடித் தீர்த்துவிட்டாராம். கடைசியில் விநியோகஸ்தருக்கு வேண்டியது பன்னிரண்டு நிமிஷம், எந்தப் பன்னிரண்டு என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை என்று தெரிந்ததும் வழிக்கு வந்தாராம். பாட்டுப் போயிற்று. வில்லன் பேச்சில் நாலு நிமிஷம் போயிற்று. மிச்சத்துக்கு ஒரு காமெடி. டப்பா அப்படியே இருக்கிறது.

"அடுத்த கதை எழுதறேன் மேடம். ஒரு தாலுகா ஆபீஸ்ல நடக்குது. நீங்க கூட இருக்கணும்."

"துறைத்தலைவர்கிட்ட அனுமதி கேட்டு எழுதணும்."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"மனுவுக்கு நம்பர் விழவே பத்து நாள் ஆகும். அப்புறம் அது போற மேஜையைப் பொறுத்தது."

மறுமுனையில் அவன் சிரிக்கிற சத்தம் கேட்டது. அனுமதி ஏழாவது மாதம் வந்தது. ஹேமநாத் அதுவரை காத்திருந்தான். அதற்குப் பிறகு இரண்டு வருஷம், மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, ஷர்மிளா ஒரு கட்டுக் காகிதத்தோடு சேலையூருக்கு வந்துபோனாள்.

ஆனால் ஃபோன் வந்த மறுநாள், சனிக்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும். பெண்கள் பெட்டியிலிருந்து ஒன்பது பேர், தாமோதரனையும் சேர்த்துப் பத்துப் பேர், தாம்பரத்தில் 'பச்சை மை' மேட்னிக்குப் போனார்கள். கூட்டம் அதிகம் இல்லை. நாற்காலிகள் பாதிக்கு மேல் காலி. படம் சுமாராகத்தான் இருந்தது. ஹீரோ தாளை முகர்ந்தபோது ஒன்பது பெண்களும் சேர்ந்து சிரித்த சிரிப்பில் முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டப்பா வந்தபோது கீரை ஆய்கிற அம்மா, "சாப்பிடேன்யா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். தாமோதரன் கடைசி வரை தூங்கவில்லை.

வெளியே வந்து, அபிதாவும் தாமோதரனும் ஜெயஸ்ரீயும் கேம்ப் ரோட்டுக்கு ஆட்டோ பிடித்தார்கள். ஓட்டுநருக்கு நாற்பது வயசு இருக்கும். கண்ணாடிக்கு மேலே ஜெயவேலு என்று பேர் எழுதி ஒட்டியிருந்தது.

"இன்னாக்கா, படமா? பச்ச மையா?" என்று அவரே ஆரம்பித்தார்.

"ஆமாம்பா. நீ பார்த்துட்டியா?"

"மொத நாளே பாத்துட்டேன். நேத்து ஊட்டுக்காரியையும் இட்டுகினு போயி மறுக்கா பாத்தேன்."

"எப்படி இருக்கு?" என்று ஜெயஸ்ரீ கேட்டாள்.

"சுமாரா கீதுக்கா. ஆனா அந்தப் பெரியவரு டப்பாவ மூடறாரு பாரு, அது சோக்கா கீது. ஊட்டுக்காரி அழுதுட்டா."

அபிதா தாமோதரனின் கையைப் பிடித்துக்கொண்டாள். இருட்டாத சாயங்காலம், பஸ்ஸும் ஸ்கூட்டருமாகக் கூட்டம் நகர்ந்துகொண்டிருந்தது, யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று இருந்தது அவளுக்கு.

ஜெயவேலு ஒரு தண்ணீர் லாரிக்கு ஒதுங்கி வழிவிட்டு, மறுபடியும் பேச்சை எடுத்தார்.

"அல்லாம் சரிக்கா. மொத நாள் பாத்தப்போ பனிமலையில ஒரு பாட்டு இருந்திச்சி. இன்னா பாட்டு தெரியுமா? அதுக்கோசரம்தான் அவள இட்டுகினு போனேன். பனி எல்லாம் பாக்கலாம் வாடின்னு. போய் குந்திகினு கீறோம், பாட்டே வரல. எவனோ தூக்கிட்டான். பேஜாரா பூட்ச்சி. எவன் இந்த வேலய செஞ்சான்னு தெரிஞ்சா ரெண்டு வார்த்த கேக்கணும்."

ஜெயஸ்ரீ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. தாமோதரன் மிகுந்த கவனத்தோடு சாலையோரக் கடைகளின் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டு வந்தார்.

"கேக்கலாம்பா, தப்பில்ல" என்றாள் அபிதா. "பாட்டு அவ்வளவு நல்லாவா இருந்தது?"

"நீ பாக்கல இல்ல? நான் சொல்றேன் கேளு" என்று ஜெயவேலு ஆரம்பித்தார். ஹீரோயின் கட்டியிருந்த சேலையின் நிறத்திலிருந்து, பனியில் ஹீரோ சறுக்கி விழுந்து எழுந்தது வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. நன்றாகத்தான் சொன்னார். சேலையூர் ஏரிக்கரைப் பக்கம் திரும்பும்போது பாட்டில் இன்னும் இரண்டு சரணம் பாக்கி இருந்தது. அபிதா முன்னால் குனிந்து, வீட்டைத் தாண்டி அடுத்த தெரு வரைக்கும் போய்த் திரும்பி வரச் சொன்னாள்.